பழைய ரூல்புக் செல்லாதா? யார் சொன்னது?

கேள்வி: கோத்தகிரியில் நாங்கள் ஐந்து பேர் சனிக்கிழமைதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டு) விளையாடுகிறோம். கையில் இருப்பது 2014 புத்தகங்கள். இனி அவை செல்லாது, புதிய மூன்றையும் செட்டாக வாங்குங்கள் என்கிறார் ஒரு வியாபாரி. வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். காலாவதியாக அது என்ன மாத்திரையா?

2024 செப்டம்பரில் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் (ஆடுகிறவர்களுக்கு), நவம்பரில் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு (கதை நடத்துகிறவருக்கு), 2025 பிப்ரவரியில் மான்ஸ்டர் மேனுவல் (எதிர்ப்படும் அரக்கர்களின் தொகுப்பு) என்று திருத்திய புத்தகங்கள் வந்தது உண்மைதான். பத்து வருஷம் ஓடிய விதிகளைத் திருத்த வேண்டியதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. 2000-ல் மூன்றாம் பதிப்பு போட்டுவிட்டு 2003-லேயே 'மூன்றரை' என்று மறுபடி விற்ற நிறுவனம் இந்தத் தடவை இவ்வளவு பொறுத்ததே பெரிசு. ஆனால் புத்தகத்துக்கு அதே பெயரை வைத்து, பதிப்பு எண்ணையும் மாற்றாமல் விட்டால் வாங்குகிறவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

இந்தக் குழப்பத்தில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். பழைய சரக்கைப் புதுசு என்று தள்ளுவார்கள், அதனால் கடைசிப் பக்கத்தின் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: ஹேண்ட்புக் பழையது 320 பக்கம், புதியது 384. 'ஒரிஜினல் பி.டி.எஃப்.' என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள், இந்த மூன்றையும் நிறுவனம் பி.டி.எஃப். ஆக விற்பதே இல்லை, வருவது திருட்டு ஸ்கேன். அதையே பைண்டு போட்டு 'இம்போர்ட்டட்' என்று விற்று, மலைக்கு கூரியர் என்று தனியாகக் காசு பிடுங்குவதும் உண்டு. முன்பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். புதிய விதிகளைப் பார்க்க ஆசையா, எஸ்.ஆர்.டி. 5.2 என்ற அடிப்படைத் தொகுப்பை 2025-ல் நிறுவனமே இலவசமாக விட்டிருக்கிறது, இறக்கிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு இடத்தில்தான் சிக்கல். உங்களில் ஒருவர் மட்டும் புதுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தால். பழைய விதியில் கிளெரிக், சார்சரர், வார்லாக் ஆகிய பாத்திர வகையினர் மூவரும் முதல் லெவலிலேயே சப்கிளாஸ் (தனிச் சக்திகள் தரும் உட்பிரிவு) எடுப்பார்கள், விசார்டும் டுரூயிடும் இரண்டாவதில். புதியதில் எல்லோருக்கும் மூன்றாவதில்தான். இரண்டு கிளெரிக் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவருக்கு மட்டும் அந்தச் சக்தி முதல் நாளே கிடைத்தால் அன்றைக்கு ஆட்டம் நடக்காது, பஞ்சாயத்துதான் நடக்கும். சரி, மூன்றாவது லெவலைத் தாண்டிவிட்டால் தீர்ந்ததா என்றால் இல்லை, புதிய ஃபைட்டருக்கு, அதாவது சண்டைக்காரப் பாத்திரத்துக்கு, வெப்பன் மாஸ்டரி என்று கூடுதலாக ஓர் ஆயுத வித்தை இருக்கிறது, பழைய ஃபைட்டர் அதைப் பார்த்துப் பொருமுவார். அதனால் ஓடுகிற கதையைப் பழைய விதியிலேயே முடியுங்கள். அடுத்த கதைக்கு எல்லோரும் சேர்ந்து மாறுவதென்றால், மேஜைக்கு ஒரு ஹேண்ட்புக் மட்டும் வாங்குங்கள். உங்களிடம் இருக்கும் பழைய மான்ஸ்டர் மேனுவலே அதோடு ஓடும்.