பேப்பர் யார் கையில், குட்டி யாருக்கு?

லேப்ரடார் பெண் குட்டி வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. கொடுத்தவர் "வீட்டுக்கு வளர்க்க மட்டும்தான், குட்டி எடுக்கக் கூடாது" என்று வாயால் சொன்னார். பேப்பரும், அதாவது பதிவுச் சான்றிதழும், தரவில்லை. இப்போது ஒரு ஈத்து எடுக்க ஆசை. அவரால் தடுக்க முடியுமா? (சேலம்)

மேட்டிங் போடுவதை அவர் வந்து தடுக்கப் போவதில்லை. வழக்குப் போடுவதானால் அப்படி ஒரு பேச்சு நடந்ததை அவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும் என்பதை மறக்க வேண்டாம். பழைய வாட்ஸ்அப்பில் "பெட் ஒன்லி, ஓகே சார்" என்று நீங்கள் ஒரு வரி போட்டிருந்தால் அதுவே சாட்சி. முதலில் அதைத் தேடிப் பாருங்கள்.

அவருடைய பிடி பேப்பரில் இருக்கிறது. தாய், தகப்பன் இரண்டும் பதிவாகியிருந்தால்தான் இன நாய்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் குட்டிகளைப் பதிவு செய்ய முடியும். தாயின் பதிவுச் சான்றிதழ் உங்கள் பெயருக்கு மாறாதவரை, எவ்வளவு நல்ல ஆண் நாயைத் தேடிப் பிடித்தாலும் குட்டிகள் பேப்பர் இல்லாதவைதான்.

சண்டைக்குப் போகுமுன், ஏன் வேண்டாம் என்றார் என்று அவரிடமே கேளுங்கள். அதே ஈத்தில் இன்னொரு குட்டிக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வந்திருக்கலாம். அல்லது ஷோவுக்குத் தேறாத குட்டி என்று விலையைக் குறைத்துக் கொடுத்திருக்கலாம். விலையைக் குறைத்து வாங்கிவிட்டு, அதற்கு ஈடாகக் கேட்டதை மட்டும் மறந்துவிடுவது சரியில்லை. எப்படியானாலும் இடுப்புக்கும் முழங்கைக்கும் எக்ஸ்ரே எடுக்காமல் லேப்ரடாரைச் சினைக்கு விடாதீர்கள்.

இன்னொன்று. குட்டிகளை விற்கப் போகிறீர்கள் என்றால் 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகள் உங்களுக்கும் பொருந்தும். மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ஆறு மாதம் தாண்டியதைக் கருத்தடை செய்யாமல், பதிவு பெற்ற இன்னொரு வளர்ப்பாளருக்கு மட்டுமே விற்கலாம்.

லண்டனில் கோல்டன் ரெட்ரீவர் வாங்கினோம். பதிவுச் சான்றிதழில் இரண்டு தடைகள் போட்டிருக்கிறது. இதன் குட்டி ஒன்றைக் கோயம்புத்தூரில் மாமனாருக்குக் கொடுக்க நினைத்திருந்தோம். (இல்ஃபர்ட்)

அங்குள்ள கென்னல் கிளப்பில் இதை 'எண்டோர்ஸ்மென்ட்' என்பார்கள். ஒன்று, இந்த நாய்க்குப் பிறக்கும் குட்டிகளைப் பதிவு செய்ய முடியாது. மற்றொன்று, இந்த நாய்க்கு ஏற்றுமதி பெடிகிரி (வெளிநாட்டில் காட்டும் வம்சாவளிச் சான்று) கிடைக்காது. இரண்டாவது தடை இருந்தாலும் நாயை விமானம் ஏற்றலாம், ஆனால் வேறு நாட்டுக் கிளப்பில் பதிவு செய்ய அந்த ஆவணத்தைக் கேட்பார்கள். உங்கள் திட்டத்துக்குக் குறுக்கே நிற்பது முதல் தடைதான். குட்டிக்கு லண்டனிலேயே பதிவு கிடைக்காதபோது கோவையில் காட்ட எதுவும் இருக்காது. மாமனாருக்கு வெறும் செல்ல நாய் போதும் என்றால் இந்தக் கவலையே வேண்டாம்.

தடையைப் போட்டவர்தான் நீக்கவும் வேண்டும். உங்களுக்குச் சாதகமான விதியும் உண்டு. குட்டியைக் கொடுக்கும்போதோ அதற்கு முன்போ, தடை இருப்பது தெரியும் என்று வாங்குபவரிடம் அவர் எழுத்தில் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை என்றால் நீங்கள் கிளப்புக்கே எழுதி நீக்கச் சொல்லலாம். ஆகவே விற்பனைப் பத்திரத்தைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருபவர்கள்தான் அதிகம்.

கையெழுத்து இருந்தாலும் கதவு அடைபட்டுவிடவில்லை. நல்ல வளர்ப்பாளர்கள் பெரும்பாலும் நிபந்தனையோடுதான் தடை போடுகிறார்கள்: இடுப்பு, முழங்கை, கண் பரிசோதனைகள் தேற வேண்டும், குறைந்தது இரண்டு வயது ஆகவேண்டும். இடுப்பு எக்ஸ்ரேவுக்கு அங்கே 0 முதல் 106 வரை மதிப்பெண், குறையக் குறைய நல்லது, நாய்க்கு ஒரு வயதாவது ஆகியிருக்க வேண்டும். முடிவுகளோடு போய்க் கேளுங்கள். பிடிவாதமாக மறுத்தால் அது அவர் உரிமை.

அமெரிக்காவில் 'லிமிடெட் ரெஜிஸ்ட்ரேஷன்' என்று இதன் உறவுக்காரன் ஒன்று உண்டு. அது போட்ட நாயை அழகுப் போட்டிக்கும் கொண்டுபோக முடியாது. பிரிட்டனில் போகலாம்.

பணம் வாங்காமல் ஒரு டாபர்மேன் பெண் குட்டி கொடுத்தார் நண்பர். முதல் ஹீட்டிலேயே (இனச்சேர்க்கைப் பருவத்திலேயே) மேட்டிங் போட்டு, முதல் ஈத்தில் இரண்டு குட்டி தரவேண்டும் என்று முத்திரைத் தாளில் எழுதியிருக்கிறது. மீறினால் ஐந்து லட்சம். இப்போது ஒன்பது மாதத்தில் ஹீட்டுக்கு வந்துவிட்டது. (மதுரை)

விடாதீர்கள். மேலே சொன்ன அதே 2017 விதிகளின்படி பெண் நாய்க்குப் பதினெட்டு மாதம் ஆகவேண்டும். வருடத்துக்கு ஒரு ஈத்துதான், ஆயுளுக்கு ஐந்துக்கு மேல் கூடாது. சட்டம் தடுத்ததைச் செய்யச் சொல்லும் ஒப்பந்தப் பகுதி, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி செல்லாது. முத்திரைத் தாளில் எழுதியதால் அது செல்லுபடியாகிவிடாது. ஐந்து லட்சமும் பயமுறுத்தத்தான். 74-ஆவது பிரிவின்படி எழுதிய தொகை உச்சவரம்பு, அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் தரும்.

இரண்டு குட்டி கொடுப்பதாகச் சொன்னது வேறு விஷயம். அந்த வாக்கை வயது வந்தபின் காப்பாற்றுங்கள். இப்போதே உட்கார்ந்து பத்திரத்தைத் திருத்தி எழுதுங்கள். ஒரே குட்டி பிறந்தால் யாருக்கு? சினை நிற்கவில்லை என்றால்? சிசேரியன் செலவு யாருடையது? முதலில் குட்டி பொறுக்குவது யார், எத்தனை வாரத்தில்? நான் பார்த்த குட்டிப் பங்குத் தகராறுகள் எல்லாமே இந்த நான்கில் ஒன்றில் தொடங்கியவைதான். டாபர்மேனுக்கு இதய நோய் வரும் இனம் என்ற பெயர் உண்டு என்பதால், சினைக்கு முன் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ராஜபாளையம் குட்டிக்குக் காது கேட்கவில்லை. கொடுத்தவர் சொல்லவே இல்லை. இதை வைத்துக் குட்டி எடுக்கலாமா? (விருதுநகர்)

கூடாது. வெள்ளை நிறத்துக்குக் காரணமான நிறமிக் குறைவே உள்காதையும் பாதிக்கிறது, பரம்பரையாகவும் வருகிறது. ஒரு காது மட்டும் கேட்காத நாய்தான் பெரிய சிக்கல். கூப்பிட்டால் ஓடிவரும், யாருக்கும் தெரியாது, அதையே நல்ல நாய் என்று ஜோடி சேர்த்துவிடுவார்கள். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனையில்தான் அது பிடிபடும். கொடுத்தவரிடம் சொல்லுங்கள், அதே தாயையும் தகப்பனையும் மறுபடி சேர்க்காமல் இருக்கட்டும். உங்கள் நாய் வீட்டோடு இருக்கட்டும். கையசைத்தே எல்லாம் பழக்கலாம், கயிறில்லாமல் தெருவில் மட்டும் விடவேண்டாம்.

ஒரு இனத்தையே வளர்க்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்ல முடியுமா? (திருச்சி)

நார்வேயில் சொன்னார்கள். கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியலுக்கு இதய வால்வு நோயும், மூளைக்கு மண்டையோட்டில் இடம் போதாத கோளாறும் பரவலாக இருப்பதால், அங்கே நடந்துவரும் முறையில் அதை இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வழக்கில் கீழ் நீதிமன்றத்தில் தடைபட்ட இங்கிலிஷ் புல்டாக், மேல்முறையீட்டில் தப்பிவிட்டது. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் கேவலியரை வளர்க்கத் தடை இல்லை.