தூக்குபவர் கையில் விழுபவர் கழுத்து

வணக்கம் ஐயா,

நாங்கள் படிக்கிற காலத்தில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தின் வீரர்கள் படம் போட்ட சீட்டு வைத்து விளையாடாத பையன் கிடையாது. உயரம், எடை என்று கத்திக் கத்திச் சீட்டைப் பிடுங்குவோம். எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த ஆட்டம் என்று தெரிந்த பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. விளையாட்டுக் காயங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் டேரன் ட்ரோஸ்டோவ் என்பவரை ஒரே வரியில் கடந்துபோனீர்கள். கல்லூரியில் கால்பந்து ஆடியவர், மல்யுத்தத்துக்கு வந்து ஒன்றரை வருடத்துக்குள் கழுத்து முறிந்து படுத்தார் என்று. நிஜமாக மோதுகிற ஆட்டத்தில் தப்பித்தவர் பொய்யாக மோதுகிற ஆட்டத்தில் எப்படி விழுந்தார்? தன்னைத் தூக்கிப்போட்டவர்மேல் அவருக்குக் கோபமே இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். என்னால் அதை நம்ப முடியவில்லை.

ச.கு., விருதுநகர்

அன்புள்ள ச.கு.,

ஒரே வரியில் கடந்தது தவறுதான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கே உறுத்தியது. அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ட்ரோஸ்டோவ் 1969இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். மேரிலாண்ட் பல்கலைக்கழக அணிக்காக ஆடினார். அங்கே கால்பந்து என்றால் நம்முடையதைப் போல உதைக்கிற பந்து கிடையாது. தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. அதில் தடுப்பு வரிசையில் முன்னால் நிற்பவர் இவர். எதிரே நிற்கும் பெரிய உடம்பை இடித்து விலக்கிக்கொண்டு உள்ளே புக வேண்டும். கல்லூரிக்குப் பின் 1993இல் டென்வர் பிரோங்கோஸ் அணிக்குச் சில ஆட்டங்கள் ஆடினார். பிறகு கனடாவில் கொஞ்ச காலம். அதோடு அந்தக் கதவு மூடிக்கொண்டது. கல்லூரி அணிகளில் ஆடும் பல்லாயிரம் பேரில் தொழில்முறை அணிக்குப் போகிறவர்களே சொற்பம், அங்கே நிலைத்து நிற்கிறவர்கள் அதிலும் சொற்பம். மற்றவர்களுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் ஒரு முரட்டு உடம்பு மிஞ்சுகிறது, அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாது.

மல்யுத்த நிறுவனங்கள் அந்த உடம்புகளுக்காகவே காத்திருந்தன. ட்ரோஸ்டோவிடம் இன்னொன்றும் இருந்தது. நினைத்த மாத்திரத்தில் வாந்தி எடுப்பார். தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஒரு கால்பந்து ஆட்டத்தில் பந்தின் மேலேயே எடுத்திருக்கிறார். ‘பியாண்ட் த மேட்’ என்ற ஆவணப்படத்தில் ஒரு காட்சி வருகிறது. நிறுவனத்தின் அப்போதைய முதலாளி வின்ஸ் மெக்மேன் தன் அலுவலகத்தில் இவரை வாந்தி எடுத்துக்காட்டச் சொல்கிறார். குப்பைக்கூடையைக் கையில் கொடுக்கிறார்கள். இவர் எடுக்கிறார், முதலாளி பூரித்துப்போகிறார். மேடைப்பெயராக ‘ப்யூக்’ என்று வைத்தார்கள். வாந்தி என்று பொருள். சிறுவயதிலிருந்து வியர்வை சிந்தி வளர்த்த உடம்பில் முதலாளி கண்ணுக்குப் பட்டது அது ஒன்றுதானா என்று எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. நல்லவேளை, கொஞ்ச நாளில் அந்தப் பெயர் போய் ‘ட்ராஸ்’ ஆனார். 1998இல் லீஜியன் ஆஃப் டூம் என்ற புகழ்பெற்ற ஜோடிக்கு மூன்றாவது ஆளாகச் சேர்த்தார்கள். அடுத்த வருடம், உடம்பெல்லாம் பச்சை குத்தி வளையம் மாட்டிய ஆல்பர்ட்டோடு ஜோடி. ஒரு பட்டமும் கைக்கு வரவில்லை.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். முடிவு பேசிவைத்தது என்பது உண்மை. விழுவது நிஜம். ஆடுகிற மேடையை வளையம் என்பார்கள். அதன் அடியில் இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, பலகைமேல் மெல்லிய பஞ்சு, அதன்மேல் துணி. அதில் தினமும் விழுவதற்கென்று ஒரு வித்தை உண்டு, ‘பம்ப்’ என்பார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகின் மேல்பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி, கைகளால் தரையை அறைந்துகொண்டு விழ வேண்டும். தலை முதலில் படக்கூடாது. பயிற்சி அங்கிருந்துதான் தொடங்கும்.

கால்பந்தாட்டக்காரர் பழகியதெல்லாம் இதற்கு நேர் எதிர். அங்கே எதிரி எப்படி விழுகிறான் என்பது உன் கவலை இல்லை. அவன் கழுத்து அவன் பொறுப்பு. மல்யுத்த வளையத்தில் எதிராளியின் கழுத்து முழுக்க முழுக்க உன் பொறுப்பு. நீ தூக்கும்போது அவன் தன் உயிரை உன் கையில் கொடுக்கிறான். பொய் என்று நாம் சொல்லும் ஆட்டத்தில்தான் ஒருவர் மற்றவரை இந்த அளவுக்கு நம்ப வேண்டியிருக்கிறது. நான் ட்ரோஸ்டோவைப் பற்றி எழுத வந்ததே இதற்காகத்தான்.

1999 அக்டோபர் 5, நியூயார்க் அருகே நாசோ கொலிசியம் அரங்கம். எதிரே டீலோ பிரவுன். கற்றுக்குட்டி அல்ல, அந்தக் கோடையில் இரண்டு பட்டங்களை ஒரே நேரத்தில் வைத்திருந்தவர். ஓடிக்கொண்டே போடும் பவர்பாம் என்ற பிடி. குனிந்திருப்பவரின் இடுப்பைக் கட்டித் தூக்கி, தோள் உயரத்தில் உட்காரவைத்து, நாலடி ஓடி முதுகுப்படப் போடுவது. தூக்கப்படுபவர் தானும் எம்பிக் கொடுத்தால்தான் மேலே போக முடியும். தூக்குபவர் இடுப்பை விடாமல் பிடித்திருந்தால்தான் கீழே வரும்போது கோணம் சரியாக இருக்கும். அன்று ட்ராஸ் போட்டிருந்தது தொளதொளவென்ற சட்டை. பிரவுனுக்குப் பிடி சரியாகக் கிடைக்கவில்லை. ட்ராஸ் தலைகுப்புற இறங்கினார். கழுத்து முறிந்தது. அப்போது அவருக்கு முப்பது வயது. கழுத்துக்குக் கீழே அசைவில்லை. பல காலம் கழித்துக் கைகளிலும் மேலுடம்பிலும் ஓரளவு அசைவு திரும்பியது.

அதே வருடம் மே மாதம்தான் அதே நிறுவனத்தின் ஓவன் ஹார்ட் அரங்கின் உச்சியிலிருந்து விழுந்து இறந்திருந்தார். இந்த ஆட்டக்காரர்களைச் சம்பள ஊழியர்களாக அல்லாமல் ஒப்பந்தக்காரர்களாகவே நிறுவனம் வைத்திருந்தது. வாரம் முழுக்க ஊர் ஊராக விழுந்து எழும் மனிதர்களை அப்படி வைத்திருந்தது அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் ட்ராஸ் விஷயத்தில் நிறுவனம் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்கென்று சக்கர நாற்காலி செய்து கொடுத்தார்கள், தங்கள் பத்திரிகையிலும் தளத்திலும் எழுதவைத்தார்கள்.

கோபம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் சந்தேகம் நியாயமானதே, ஏனென்றால் கோபப்பட்டவரும் உண்டு. இரண்டு மாதம் கழித்து, 1999 டிசம்பரில், வேறொரு நிறுவனத்தின் வளையத்தில் கோல்ட்பர்க் என்ற ஆட்டக்காரர் விட்ட உதை பிரெட் ஹார்ட் என்ற ஆட்டக்காரரின் தலையில் பட்டது. அந்தக் காயத்தால் அடுத்த வருடம் பிரெட் ஓய்வுபெற வேண்டியதாயிற்று. கோல்ட்பர்க்கும் ஜார்ஜியா பல்கலைக்கழகக் கால்பந்தாட்டக்காரர்தான். கோல்ட்பர்க் ஆடியது அஜாக்கிரதை என்று பல வருடங்கள் பிரெட் வெளிப்படையாகவே சொல்லிவந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். எதிராளிக்கு அடிபடாமல் ஆடுவதையே பெருமையாக நினைத்தவர் அவர்.

ட்ராஸ் அதை விபத்து என்றார், பிரவுன் வேண்டுமென்று செய்யவில்லை என்றார், கடைசிவரை அதையேதான் சொன்னார். அதைப் பெருந்தன்மை என்று நான் வாசிக்கவில்லை. அந்தப் பிடியில் தானும் பாதி என்று அவருக்குத் தெரியும். எம்பியவர் அவர், சட்டை அவருடையது, பிரவுன் இவர் கழுத்தைக் காக்க முயன்றதை அந்தக் கைகளில் உணர்ந்தவரும் அவர்தான். வெளியிலிருந்து பார்க்கும் நமக்குத்தான் ஒரு குற்றவாளி தேவைப்படுகிறார். பிரவுன் அந்த இரவைச் சுமந்துகொண்டே ஆடினார். அவருக்கும் அது எளிதாக இருந்திருக்காது.

ட்ரோஸ்டோவ் 2023 ஜூன் 30 அன்று இறந்தார். வயது 54. டபிள்யூ.டபிள்யூ.எஃப். வளையத்தில் இருந்தது ஒன்றரை வருடம்கூட இல்லை, சக்கர நாற்காலியில் ஏறக்குறைய இருபத்துநான்கு வருடம்.

அந்த ஆட்டத்தின் பதிவு ஒளிபரப்பாகவே இல்லை. அதைத் தேட வேண்டாம். அவரைப் பார்க்கத் தோன்றினால் 1998இல் அவர் ஆடிய ஆட்டம் ஏதாவது ஒன்றைப் பாருங்கள். யாராவது அவரைத் தூக்கும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, தூக்குபவரின் விரல்கள் எங்கே பிடித்திருக்கின்றன என்று பாருங்கள்.

அன்புடன்.