பேச்சு வராத குழந்தைக்கு எந்த ஆப் வாங்கறது? கேள்வி-பதில்

கேள்வி: அக்கா வணக்கம். நாங்க ஏற்காடு, வீட்டுக்காரர் காபி எஸ்டேட்ல வேலை பாக்கறார். பையனுக்கு நாலு வயசு, இன்னும் ஒரு வார்த்தை வரல, ஆட்டிசம்னு சொல்லிட்டாங்க. காது டெஸ்ட் எடுத்தாச்சு, நல்லா கேக்குது. வாரம் ஒரு நாள் சேலம் இறங்கி ஸ்பீச் தெரபிக்கு கூட்டிட்டு போறோம். அங்க ஒருத்தர், படத்த தொட்டா பேசற ஆப் போட்ட டேப் 38,000 ரூபா, இந்த வாரமே எடுத்தா 3,000 கொறைச்சுக்கறேன்னு சொல்றார். நகைய அடகு வச்சாத்தான் முடியும். மாமியார் வேற மெஷின் பேசுனா இவன் வாயே தொறக்க மாட்டான்னு சொல்றாங்க. வாங்கலாமா, வாங்குனா எத வாங்கறது?

பதில்: நகைய எடுத்து பீரோவுக்குள்ள வைங்க கண்ணு, மத்தத அப்புறம் பேசலாம். நீங்க எழுதுனத படிச்சப்ப 'இந்த வாரமே எடுத்தா'ங்கற இடத்துல எனக்கு பகீர்னு ஆயிருச்சு. குழந்தைக்கு இது பொருந்துமான்னு பாக்கவே சில வாரம் ஆகும், அதுக்குள்ள ஒருத்தர் அவசரப்படுத்துனா அந்த அவசரம் அவரோடது, உங்க பையனோடது இல்ல.

இது எனக்கு நடந்ததுனாலதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன். என் பையனும் பேசாத குழந்தைதான், அவனுக்கு அஞ்சு வயசுல ஒரு தெரபி சென்டர்ல இதே மாதிரி டேபும் ஆப்பும் சேத்து ஒரே விலைன்னு குடுத்தாங்க, பில்லுல 'கம்யூனிகேஷன் டிவைஸ்'னு ஒரே ஒரு வரி. எட்டு மாசம் உக்காந்து எங்க வீட்டு சாமான், சொந்தக்காரங்க, தெருவுல இருக்கற கடைன்னு ஒவ்வொண்ணா போட்டோ எடுத்து சேத்து வச்சிருந்தேன். ஒரு நாள் டேப் ஹேங் ஆகி ரீசெட் பண்ண வேண்டியதா போச்சு. திரும்ப போட பாத்தா ஆப் அவங்களோட மெயில் ஐடில வாங்கினது, என் பேர்ல எதுவுமே இல்ல, நான் சேத்த படம் அத்தனையும் போச்சு. அவன் ரெண்டு நாள் அந்த டேப கைல வச்சு தட்டிட்டே இருந்தான். அவன் பேச்சு தொலஞ்சு போச்சுங்க, அதுக்கு என்ன விலை போடறது?

அதனால டேப் விக்கறவர்கிட்ட ரெண்டே ரெண்டு கேளுங்க. டேப் என்ன மாடல், அதுல இருக்கற ஆப் பேர் என்ன, ரெண்டும் தனித்தனி விலையோட எழுதி குடுங்கன்னு கேளுங்க. எழுதி குடுத்தா அந்த மாடல சேலம் அஞ்சு ரோடு பக்கம் நாலு கடைல விசாரிங்க, ஆப்ப ப்ளே ஸ்டோர்ல நீங்களே தேடி விலை பாருங்க, வித்தியாசம் தெரிஞ்சிரும். எழுதி குடுக்க மாட்டேன்னா பேச்ச அதோட முடிச்சுக்கோங்க. எத வாங்குனாலும் உங்க மெயில் ஐடி, உங்க பாஸ்வேர்டு, வாரம் ஒரு தடவை பேக்கப்.

மாமியார் பயம் நியாயமான பயம்தான், அவங்கள கோவிச்சுக்காதீங்க, என் மாமியாரும் இதையேதான் சொன்னாங்க. ஆனா இத ஆராய்ச்சி பண்ணியே பாத்துருக்காங்க. 2006ல மில்லர், லைட், ஷ்லாஸர்னு மூணு பேர் அதுவரைக்கும் வந்த ஆய்வுகள எல்லாம் எடுத்து சலிச்சு, நம்பகமா இருந்ததுல 27 பேரோட கணக்க பாத்தாங்க. படம், சைகை, பேசற கருவின்னு ஆரம்பிச்ச பிறகு ஒருத்தருக்கு கூட பேச்சு கொறையல, 100க்கு 89 பேருக்கு கொஞ்சமாவது கூடுச்சு, மீதி பேருக்கு அப்படியே இருந்துச்சு. கூடுனது பல பேருக்கு கொஞ்சம்தான், ஆப் போட்டா கடகடன்னு பேசிருவான்னு யாராவது சொன்னா அதையும் நம்பாதீங்க. ஆனா வாய அடைக்காது, அத தைரியமா மாமியார்கிட்ட சொல்லலாம்.

சரி, எத வாங்கறது. நான் முதல்ல பாக்கறது ஒண்ணுதான், அந்த ஆப் உங்க வீட்டு தமிழ் பேசுமா? நிறைய ஆப் இங்கிலீஷுக்குன்னு கட்டினது, அதுக்கு மேல தமிழ ஒட்ட வச்சிருப்பாங்க. 'நான்', 'வேண்டும்', 'தண்ணீர்'னு பட்டன் வரிசையா இருக்கும், குழந்தை மூணையும் தொட்டா 'நான் வேண்டும் தண்ணீர்'னு பேசும். உங்க வீட்ல யாராவது இப்படி பேசுவாங்களா? 'எனக்கு தண்ணி வேணும்'னுதான சொல்லுவோம். 'நான்' பட்டன் இருந்து 'எனக்கு' இல்லன்னா அந்த ஆப்ல தமிழ் குழந்தைக்கு பாதி வாக்கியம் கிடையாது. அதனால ட்ரயல்ல இருக்கும்போதே ஒரு பட்டன் எழுத்த 'வேண்டும்'ல இருந்து 'வேணும்'னு மாத்தி பாருங்க, இடத்த மாத்தி பாருங்க, உங்க குரல பதிவு பண்ணி பாருங்க. இந்த மூணும் முடிஞ்சா மேல பாக்கலாம், முடியலன்னா எவ்ளோ பெரிய பேர் இருந்தாலும் விட்ருங்க. 'பாட்டி'ன்னு எழுதியிருக்கற பட்டன 'அப்பாயி'ன்னு மாத்தி, உங்க மாமியார் குரல்லயே 'டேய் சாமி, இங்க வாடா'ன்னு பதிவு பண்ண சொல்லுங்க, அதுக்கப்புறம் அவங்க மெஷின்னு சொல்றாங்களான்னு பாருங்க.

பேர் சொல்லியே சொல்றேன். அவாஸ் சென்னைல உருவானது, ஐஐடி மெட்ராஸ்ல படிச்ச அஜித் நாராயணன் முதல்ல தனி கருவியா செஞ்சது, அப்புறம் ஆப்பா வந்துச்சு, தமிழ் இருக்கு, காசு கட்டறதுக்கு முன்னாடி சில நாள் சும்மா போட்டு பாக்கலாம். ஜெல்லோ ஐஐடி பாம்பேல பண்ணினது, இலவசம், நம்ம ஊர் குழந்தைங்கள மனசுல வச்சு வரைஞ்ச படங்க, சின்ன குழந்தைக்கு ஆரம்பிக்க நல்லாருக்கும். சி-போர்டும் இலவசம், ப்ரௌசர்லயே ஓடும், நமக்கு வேண்டிய பலகைய நாமளே செஞ்சுக்கலாம், பொறுமை வேணும். வெளிநாட்டுக்காரங்க எல்லாம் சொல்ற ப்ரோலோக்வோ டூ கோ ஐபேட், ஐபோன் மாதிரி ஆப்பிள் கம்பெனி சாமான்ல மட்டும்தான் ஓடும், விலை 250 டாலர ஒட்டி, அதுல தமிழ் இல்ல, அதனால நமக்கு அது வேண்டாம். எனக்கு கேட்டா ஜெல்லோவயும் அவாஸ் ட்ரயலயும் இருக்கற போன்லயே போட்டு ரெண்டு வாரம் வச்சு பாருங்க, ஒரு ரூபா செலவில்லாம உங்களுக்கே தெரிஞ்சிரும். ஆண்ட்ராய்டு போன்ல தமிழ் குரல் வேணும்னா செட்டிங்ஸ்ல டெக்ஸ்ட் டு ஸ்பீச்ல போய் தமிழ் வாய்ஸ் டேட்டாவ ஒரு தடவை இறக்கி வச்சிருங்க. மலைல சிக்னல் போய் போய் வரும், மழை காலத்துல கரண்ட்டும் அடிக்கடி போயிரும், ஆகவே ஏரோப்ளேன் மோடுல போட்டு அந்த ஆப் பேசுதான்னு கட்டாயம் பாத்துட்டு எடுங்க. நெட் இல்லன்னா ஊமையாகற ஆப் உங்களுக்கு எதுக்கு?

பட்டன் எத்தன வேணும்னு கேட்டா, நாலு பட்டன் மட்டும் போட்டு குடுத்து, தெரிஞ்சதும் கூட்டலாம்னு சொல்லுவாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். கூட்டும்போதெல்லாம் எல்லாமே எடம் மாறும். நம்ம அடுப்பங்கரைல கரண்ட் போனா கூட உப்பு டப்பாவுக்கு கை தானா போகுதுல்ல, குழந்தைக்கும் அப்படி கை பழகணும், நேத்து இருந்த எடத்துல இன்னிக்கும் 'போதும்' இருக்கணும். நெறைய பட்டன் இருக்கற பெரிய பலகையாவே வச்சுட்டு இப்ப வேண்டாதத மறைச்சு வைங்க, நெறைய ஆப்ல அந்த வசதி இருக்கு.

வார்த்தைன்னு வரும்போது எல்லாரும் ஆப்பிள், யானை, கார்னு அடுக்கறாங்க. தட்டுவடை செட் படம் இருக்கட்டும், வேண்டாம்னு சொல்லல, ஆனா நாள் முழுக்க நாம பேசறது எதுன்னு காது குடுத்து கேளுங்க, வா, போ, குடு, இன்னும், போதும், வேணும், வேண்டாம், என்ன, வலிக்குது. இதுங்கதான் முதல்ல.

என் பையன் முதல்ல சொன்ன வார்த்தை அம்மா இல்ல. டேப் தண்ணில நனையும்னு, முக்கியமான 12 படத்த மட்டும் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் பண்ணி பாத்ரூம் கதவுல ஒட்டி வச்சிருந்தேன். ஞாயித்துக்கிழமை எண்ணெய் வச்சு சீயக்கா தேச்சுட்டு இருந்தேன், எப்பவும் போல கத்துவான், கைய கடிப்பான்னு ஒரு கையால அவன புடிச்சிட்டே இருந்தேன். அவன் கத்தல. திரும்பி, ஈரக்கைய நீட்டி கதவுல இருந்த அட்டைல கீழ் வரிசைல ஓரத்துல இருக்கற 'போதும்' மேல வச்சு அழுத்தினான், விரல் நுனி வெளுக்கற அளவுக்கு. நான் அந்த நிமிஷமே நிறுத்திட்டேன். பாதி தலைல சீயக்கா அப்படியே இருந்துச்சு, தண்ணி ஊத்தி விட்டு தொடச்சு வெளிய கொண்டு வந்துட்டேன். அன்னிக்கு முழுக்க அவன் அந்த கதவுக்கு போய் போய் வந்தான், ஒவ்வொரு தடவையும் 'போதும்' தொட்டுட்டு என் மூஞ்சிய பாத்தான்.

இதனாலதான் அட்டையோட ஆரம்பிங்கன்னு எல்லாருக்கும் சொல்றேன். ஸ்பெயின் நாட்டு அரகான் மாகாண அரசாங்கம் நடத்தற அராசாக்னு ஒரு தளத்துல ஆயிரக்கணக்குல படம் இலவசமா கிடைக்குது, வீட்டு உபயோகத்துக்கு தாராளமா எடுத்துக்கலாம். ஒரு ஷீட் அடிச்சு லேமினேஷன் போட்டு சமையல்கட்டுல ஒண்ணு, பாத்ரூம்ல ஒண்ணு, பஸ்ல போக பைல ஒண்ணு. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வர்றதுக்குள்ள வாந்தி வருதுன்னு சொல்ல ஒரு படம் கட்டாயம் வைங்க. அட்டைய தொடறப்ப நீங்களும் தொட்டு தொட்டு பேசணும், 'வா' தொட்டு 'வா சாமி', 'இன்னும்' தொட்டு 'இன்னும் சோறு வேணுமா'ன்னு. நாம தொடாம அவன மட்டும் தொடு தொடுன்னா அது பரீட்சை ஆயிரும். ரெண்டு மாசம் இது ஓடட்டும், வீட்ல மூணு பேரும் தொடறீங்கன்னா டேப் வாங்குங்க, புது டேப் 15,000க்குள்ளயே போதும். ஒரே ஒரு கண்டிஷன், அந்த டேப்ல யூடியூப் ஏத்தாதீங்க, ஸ்கிரீன் பின் போட்டு ஆப்ப விட்டு வெளிய வராத மாதிரி வைங்க. சேட்டை பண்ணினா டேப்ப புடுங்கி வைக்கறதும் கூடாது, அது அவன் வாய்.

கேள்வி: அம்மாபேட்டைல இருந்து எழுதறேன், தறி வேலை. பொண்ணுக்கு ஆறு வயசு. ஒரு ஆப்புக்கு வருஷ சந்தா கட்டிட்டேன், பாத்தா தமிழே இல்ல. அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன், காசு திரும்ப வருமா அக்கா?

பதில்: தம்பி, அன்இன்ஸ்டால் பண்ணினா சந்தா நிக்காது, அடுத்த வருஷமும் எடுத்துக்கும், முதல்ல ப்ளே ஸ்டோர்ல சப்ஸ்கிரிப்ஷன்ஸ்ல போய் கேன்சல் குடுங்க, யூபிஐல கட்டியிருந்தா ஜிபேயோ போன்பேயோ அதுல ஆட்டோபேல இருக்கான்னும் பாத்து எடுத்து விட்ருங்க. கட்டி 48 மணி நேரம் ஆகலன்னா ரீஃபண்டு கூகுள்கிட்டயே கேக்கலாம். தாண்டிருச்சுன்னா ஆப் பண்ணினவங்களுக்கு மெயில் போடுங்க. விளம்பரத்துல தமிழ் உண்டுன்னு போட்டிருந்தாங்கன்னா அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு 1915க்கு போன் பண்ணுங்க, அது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். அதுலயும் தீரலன்னா, 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நீங்க இருக்கற ஊர்லயே, அதாவது சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே கேஸ் போடலாம், கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் சரி, 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்ல. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

கேள்வி: ஓமலூர் பக்கம் எங்க ஊர். பேத்திக்கு மூணு வயசு, பேச்சு இல்ல. மகனும் மருமகளும் திருப்பூர்ல, நான்தான் பாத்துக்கறேன். கவர்மெண்ட்ல ஏதாவது உதவி உண்டாம்மா?

பதில்: உண்டுங்கம்மா. முதல்ல சேலம் ஜிஹெச்ல, குழந்தைங்க வளர்ச்சில இருக்கற குறைய சின்ன வயசுலயே கண்டுபிடிச்சு பாக்கற ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு கூட்டிட்டு போங்க, காது டெஸ்டும் அங்கயே கேட்டு எடுத்துருங்க, காது பாக்காம ஆப் பக்கமே போக வேண்டாம். டாக்டர் என்னன்னு சொன்னதும் யூடிஐடிங்கற மாற்றுத்திறனாளி அடையாள கார்டுக்கு எழுதி போடுங்க, கார்டு இருந்தாத்தான் மத்த எந்த கதவும் தெறக்கும். ஆட்டிசமோ, மூளை முடக்குவாதமோ, அறிவுசார் குறைபாடோன்னு சொன்னாங்கன்னா நிராமயான்னு ஒரு இன்சூரன்ஸ் இருக்கு, வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும், தெரபி செலவுக்கும் அதுல ஒரு பங்கு உண்டு. கருவி ஏதாவது கிடைக்குமான்னு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல மனுவா எழுதி குடுத்து, மனு வாங்கினதுக்கு ரசீது கேட்டு வாங்கிக்கோங்க. பேத்தியோட ஆதார், பிறப்பு சான்றிதழ், உங்க ரேஷன் கார்டு எல்லாத்துலயும் மூணு மூணு ஜெராக்ஸ், நாலு போட்டோ. மகன் ஊர்ல இல்லாததால அப்பா அம்மா கையெழுத்து கேப்பாங்க, அவங்க பொங்கலுக்கு வர்றப்பவே ஃபார்ம்ல வாங்கி வச்சிருங்கம்மா.