92 லட்ச ரூபாய் டர்போவும் ஒரு பெட்ரோல் கவலையும்

கேள்வி: எனக்கு வயது 47. திருப்பூரில் கூட்டாண்மை நிறுவனமாகப் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறேன். வரி போக ஆண்டுக்கு 55 லட்சம் ரூபாய் கையில் நிற்கிறது. வீட்டில் இன்னோவா கிரிஸ்டா டீசல் இருக்கிறது. தில்லிப் பதிவெண் கொண்ட 2019 மாடல் போர்ஷே கேயென் டர்போ ஒன்று, 42,000 கி.மீ. ஓடியது, 92 லட்சத்துக்கு வருகிறது. 32 லட்சம் வைப்புநிதியை உடைத்து, மீதி 60 லட்சத்துக்கு 11 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடன் வாங்க எண்ணம். ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டுவேன். லிட்டருக்கு 6, 7 கி.மீ.தான் கொடுக்கும் என்கிறார்கள். "யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?" என்கிறார் என் மனைவி. பெட்ரோல் செலவு கட்டுப்படியாகுமா? அல்லது 70 லட்சத்துக்குக் கிடைக்கும் பழைய 3 லிட்டர் டீசல் எஸ்யூவியை எடுப்பதா? நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் வரியில் எவ்வளவு திரும்பும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: தீனி போட்டுவிடலாம். இந்த யானை ஆண்டுக்கு ஆண்டு இளைத்துக்கொண்டே போகும் என்பதுதான் சிக்கல்.

முதலில் நீங்கள் கேட்ட பெட்ரோல். இந்த வண்டியில் இருப்பது எட்டு சிலிண்டர் கொண்ட 4 லிட்டர் வி8 இரட்டை டர்போ என்ஜின், 550 குதிரைத்திறன். வெறும் வண்டியே 2 டன்னுக்கு மேல். அமெரிக்க அரசின் சோதனை அளவை நம் கணக்குக்கு மாற்றினால் நகரத்தில் லிட்டருக்கு சுமார் 6.5, நெடுஞ்சாலையில் 8 கி.மீ. வரும். குமரன் சாலை நெரிசலில் ஏசியும் போட்டு ஊர்ந்தால் அதுவும் வராது. எனவே 6 என்றே வைத்துக்கொள்வோம். 12,000 கி.மீ.க்கு 2,000 லிட்டர். பிரீமியம் பெட்ரோலும் சேர்த்து சராசரியாக 105 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2.10 லட்சம். உங்கள் கிரிஸ்டா 12 கொடுக்கிறது என்று எடுத்துக்கொண்டால் அதே தூரத்துக்கு 1,000 லிட்டர் டீசல், 92, 93 ஆயிரம் ரூபாய் ஆகும். இரண்டுக்கும் வித்தியாசம் மாதம் 10,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. உங்கள் வருமானத்தில் இது தூக்கத்தைக் கெடுக்கிற தொகை அல்ல.

மைலேஜ் பேச்சில் பலரும் சறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. 6-லிருந்து 8-க்குப் போவது அற்பமாகவும், 12-லிருந்து 16-க்குப் போவது பெரிதாகவும் தோன்றும். கணக்குப் போட்டால் தலைகீழாக வரும். 12,000 கி.மீ.க்கு 6 கொடுக்கும் வண்டி 2,000 லிட்டர் குடிக்கிறது. 8 கொடுப்பது 1,500. மிச்சம் 500 லிட்டர். 12 கொடுப்பது 1,000 லிட்டர், 16 கொடுப்பது 750. மிச்சம் 250 தான். இப்படிப்பட்ட வண்டியை ஒப்பிடும்போது லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்று கேட்காமல், 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். 6.5-க்கும் 7-க்கும் என்ன வித்தியாசம் என்று தரகர் சிரித்தால், அது ஆண்டுக்கு 130 லிட்டருக்கு மேல் என்று நீங்கள் சொல்லலாம்.

இதைச் சொல்லிவிட்டு உடனே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மைலேஜ் 6-லிருந்து 8 ஆக உயர்ந்தாலும் ஆண்டுக்கு உங்களுக்கு மிஞ்சுவது 52,500 ரூபாய். இந்த வண்டியின் பின்பக்க டயர் இரண்டை மாற்ற அது போதாது.

இனி இந்த வண்டியை இதுவரை வைத்திருந்த தில்லிக்காரர் கதையைப் பாருங்கள். இந்தத் தலைமுறை கேயென் டர்போ 2018 அக்டோபரில் இந்தியாவில் அறிமுகமானபோது எக்ஸ்-ஷோரூம் விலை 1.92 கோடி. சாலை வரி, காப்பீடு எல்லாம் இதற்கு மேல். இன்று 92 லட்சம். எக்ஸ்-ஷோரூம் விலையை மட்டும் பார்த்தாலும் போனது ஒரு கோடி. அவர் ஓட்டிய 42,000 கி.மீ.க்கு, லிட்டருக்கு 6 என்றால், 7,000 லிட்டர் பெட்ரோல்; 100 ரூபாய் வீதம் 7 லட்சம். பெட்ரோலுக்கு 7, தேய்மானத்துக்கு 100. பாதித் தேய்மானத்தை அவர் ஏற்றுக்கொண்டார், நமக்கு லாபம்தானே என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. ஓரளவு உண்மையும்கூட. ஆனால் மீதிப் பாதி உங்களுக்காகக் காத்திருக்கிறது. 12 வயதான, ஒரு லட்சம் கி.மீ. தாண்டிய வி8 பெட்ரோல் வண்டியை 5 ஆண்டு கழித்து யார் வாங்குவார்? 45 லட்சத்துக்குப் போனால் நல்ல விலை என்பேன். அப்படியானால் ஆண்டுக்கு 9.4 லட்சம் கரைகிறது, வண்டி ஷெட்டில் நின்றாலும்.

போதாததற்கு, 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிகளுக்கான வரி மாறியது. முன்பு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதம், இப்போது 40. புதிய வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் இறங்கியாக வேண்டும். தரகர் சொல்லும் 92 அந்த மாற்றத்துக்கு முந்தைய நினைப்பில் சொல்லும் விலையா என்று பாருங்கள்.

கடன்: 60 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 1,30,500 ரூபாய். 5 ஆண்டில் வட்டி மட்டும் 18 லட்சத்தைத் தாண்டும், ஆண்டுக்கு 3.65 லட்சம். உடைக்கும் வைப்புநிதியில் வரி போக நீங்கள் இழப்பது ஏறக்குறைய ஒன்றரை லட்சம்.

காப்பீட்டுக்கு ஒன்றே முக்கால் லட்சம் என்று போடுகிறேன். ஆனால் கேட்க வேண்டியது பிரீமியம் எவ்வளவு என்பதல்ல. 5 வயது தாண்டிய வண்டிக்குத் தேய்மானம் கழிக்காத கூடுதல் பாலிசியைப் பல நிறுவனங்கள் தருவதில்லை. அது இல்லாவிட்டால் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களில் பாதியும், 5 முதல் 10 வயது வண்டியின் உலோகப் பாகங்களில் 40 சதவீதமும் உங்கள் பையிலிருந்துதான் போகும். முன் பம்பர் ஒரு லாரியின் பின்பக்கத்தை முத்தமிட்டால் பில்லில் பாதி உங்களுடையது. பாலிசி கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

டயர்: டர்போவுக்கு 21 அங்குலச் சக்கரம். முன்னால் 285 மி.மீ. அகலம், பின்னால் 315. அளவு வேறுவேறு என்பதால் முன்னதைப் பின்னால் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டவும் வழியில்லை. நான்குக்கு இரண்டு, இரண்டரை லட்சம் ஆகும்; 25,000 கி.மீ. வந்தால் அதிர்ஷ்டம். ஆண்டுக்கு ஒரு லட்சம் என்று எழுதிக்கொள்ளுங்கள். சர்வீஸ், பழுது இரண்டுக்கும் 3 லட்சம். ஒரு வருடம் ஒன்றரையில் முடியும். அடுத்த வருடம் வண்டியைத் தாங்கி நிற்கும் ஏர் சஸ்பென்ஷனில் காற்று இறங்கிப் பில் ஐந்தைத் தொடும். சராசரியைத்தான் நாம் பேச முடியும்.

எல்லாம் கூட்டினால் ஆண்டுக்கு 22 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 187 ரூபாய். அதில் பெட்ரோல் 17 ரூபாய் 50 காசு. உங்கள் வீட்டில் நடக்கும் விவாதம் இந்தப் பதினேழரை ரூபாயைப் பற்றியது.

இதே காரணத்தால் டீசல் கேள்விக்கும் பதில் எளிது. அந்த 3 லிட்டர் டீசல் 11 கொடுத்தால் எரிபொருளில் ஆண்டுக்கு 1.10 லட்சம் மிச்சமாகும். அதற்காக அதை எடுக்க வேண்டாம். எடுப்பதானால் அது 22 லட்சம் குறைவான விலை என்பதற்காக எடுங்கள். கடன் 38 லட்சமாகச் சுருங்குவதுதான் உண்மையான லாபம். ஒரு எச்சரிக்கை: தினமும் வீட்டுக்கும் கம்பெனிக்கும் நான்கைந்து கி.மீ. மட்டும் ஓடினால், புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி சூடேறிச் சுத்தமாகாமல் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் நீண்ட ஓட்டம் வேண்டும். டீசல் கேயெனையே தேடலாமா என்று கேட்பீர்கள். போர்ஷே டீசல் கார்களைக் கைவிடுவதாக 2018-லேயே அறிவித்துவிட்டது.

நிறுவனத்தின் பெயரில் வாங்குவது பற்றி: கார் வாங்கும்போது கட்டும் ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது, 13 இருக்கை வரையிலான வண்டிகளுக்கு அது தடுக்கப்பட்டிருக்கிறது. பழுது, காப்பீட்டுக்கான ஜிஎஸ்டிக்கும் அதே தடை. வருமான வரியில் ஆண்டுக்கு 15 சதவீதத் தேய்மானம் காட்டலாம். முதல் ஆண்டு 13.8 லட்சம், வரியில் குறைவது சுமார் 4.3 லட்சம். அடுத்தடுத்த ஆண்டுகளில் அது சிறுத்துக்கொண்டே போகும். குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனதையும் நிறுவனச் செலவாக எழுதினால் அதிகாரி அந்தப் பங்கை வெட்டுவார். நூறு ரூபாய் செலவழித்து 31 ரூபாய் வரி மிச்சம் பிடித்தால் 69 ரூபாய் போனது போனதுதான். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், "கம்பெனி கணக்கில் போட்டுக்கொள்ளலாம்" என்ற ஒரே வாக்கியம் இந்த ஊரில் விற்ற கார்கள் ஏராளம். நிறுவனத்தின் பெயரில் 60 லட்சம் கடன் ஏறினால், நடைமுறை மூலதன வரம்பை, அதாவது அன்றாடத் தொழிலுக்கு வங்கி தரும் கடனின் உச்சவரம்பை, வங்கி மறுபரிசீலனை செய்யும்போது அதுவும் தட்டில் விழும்.

எனக்கு உண்மையில் உறுத்துவது அந்த 32 லட்சம் வைப்புநிதி. 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியபோது திருப்பூரில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிறுத்திவைத்த ஆர்டர்களும் தள்ளுபடி கேட்ட வாங்குவோரும் வந்த அந்த மாதங்களில், கையில் ரொக்கம் வைத்திருந்தவர்கள் நூல் கடைக்கும் சாயப்பட்டறைக்கும் பாக்கி வைக்காமல் தாக்குப்பிடித்தார்கள். தவணை, பெட்ரோல், காப்பீடு, டயர், பழுது என்று ஆண்டுக்கு 23 லட்சத்துக்கு மேல் ரொக்கமாக வெளியேறும். 55-ல் அது நாற்பது சதவீதத்துக்கு மேல். ஒரு மோசமான ஆண்டில் அந்த 55 என்பது 30 ஆகலாம். தவணை 30-க்காக இறங்கி வராது.

ஆகவே இந்த வடிவத்தில் வேண்டாம் என்பது என் பதில். ஆசையைக் குறை சொல்லவில்லை. 47 வயதில் சொந்த உழைப்பில் ஒரு நல்ல வண்டி ஓட்ட நினைப்பது தப்பில்லை. வைப்புநிதியைத் தொடாமல், தொழிலுக்கு வெளியே 50 லட்சம் சேர்த்துக்கொண்டு, கடன் 25 லட்சத்துக்குள் அடங்கும்போது வாங்குங்கள். பழுதுக்கென்று 6 லட்சம் தனிக் கணக்கில் இருக்கட்டும். அப்போது கேயெனின் சாதாரண 3 லிட்டர் வி6-ஐயும் ஓட்டிப் பாருங்கள். 340 குதிரைத்திறன்; திருப்பூர் – கோவை சாலையில் அதற்கே வேலை இல்லை.

இதையெல்லாம் கேட்டும் இந்த வண்டியைத்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால், முதலில் திருப்பூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போங்கள். வேறு மாநில வண்டியை இங்கே பதிவு செய்தால் ஆயுள் வரி மறுபடி கட்ட வேண்டும். புதிதாக விற்ற விலையையும் வண்டியின் வயதையும் வைத்துத்தான் அதைக் கணக்கிடுவார்கள். தரகரின் 92-ல் அது இல்லை. தில்லியின் தடையில்லாச் சான்று, பழைய கடன் எதுவும் வண்டி மேல் இல்லை என்ற பதிவு நீக்கம் இரண்டும் கையில் வந்தபின்தான் பணம்.

வண்டியைப் பார்க்கும்போது டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்த டயர். பள்ளம் ஆழமாக இருந்தாலும் அது கிழடு, விலையில் இரண்டரை லட்சம் கழியுங்கள். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பர் வழக்கமாக வெள்ளை நிறத்தில் இருக்கும். டர்போவின் டிஸ்க்குகளில் டங்ஸ்டன் கார்பைடு பூச்சு உண்டு. பழையதைக் கழற்றி மலிவான டிஸ்க் போட்டிருக்கிறார்களா என்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் காட்டுங்கள். இரவு முழுவதும் வண்டியை நிறுத்திவைத்து, காலையில் எந்த மூலையாவது தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இந்த மாடலுக்கு ஒத்துவருமா என்பதையும் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள்; அந்தக் கலப்பால் லிட்டருக்கு 6, 7 சதவீத ஆற்றல் குறையும் என்பதை மைலேஜ் கணக்கில் கழித்துக்கொள்ளவும்.

"இன்னும் இரண்டு பேர் பார்க்கிறார்கள், நாளைக்குள் சொல்லுங்கள்" என்று தரகர் சொல்வார். பார்க்கட்டும். ஏழு வயதான வி8-க்கு 92 லட்சம் எடுத்துக்கொண்டு கொங்கு மண்டலத்தில் யாரும் வரிசையில் நிற்பதில்லை. மூன்று மாதம் கழித்து அவரே உங்களை அழைப்பார், விலையும் 80-க்கு அருகில் வந்திருக்கும்.