விடுதலைப் பத்திரம்

அன்புள்ள ஐயா,

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். மகளிர் தினத்தன்று பெண் சமத்துவம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எதை முக்கியமாகச் சொல்லலாம்? பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்கிறார்களே, அது சரியா? உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் கொடுத்தும் கணவன்மார்தானே நிர்வாகம் செய்கிறார்கள், என்ன பயன்? வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பதில் கிடைத்தால் நல்லது. அன்று பத்திரப் பதிவுக்குப் போகிறேன். காலமான அப்பா வாங்கிய வயலை என் பெயருக்கு மாற்ற வேண்டும். அக்காமார் இருவரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட வருகிறார்கள்.

(பெயரை வெளியிடவில்லை)

*

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கடைசி வரி விடவில்லை. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் கொஞ்ச நாளாகவே மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கும் விஷயம் அது.

முதலில் உங்கள் கேள்விகளை முடித்துவிடுகிறேன். பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்பது திண்ணையில் உட்கார்ந்த ஆண்கள் கண்டுபிடித்த வசனம். ஒரு முழ வரப்புக்காக அண்ணனும் தம்பியும் அரிவாள் தூக்கிய ஊர்கள் நமக்குத் தெரியாதவையா? 'ஆணுக்கு ஆணே எதிரி' என்று அங்கே யாரும் பட்டிமன்றம் வைக்கவில்லை. உள்ளாட்சியைப் பொறுத்தவரை, 33 சதவீதம் 50 ஆனதே 2016இல் வந்த சட்டத்தால்தான். கணவர் பக்கத்து நாற்காலியில் உட்காருவது உண்மை. ஐந்து வருடம் முடிவதற்குள் அந்த அம்மாள் தாலுகா அலுவலகத்துக்குத் தனியாகப் போய் அதிகாரியை அதட்டுவதையும் பார்த்திருக்கிறேன். இது போதும்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அக்காமார் கையெழுத்துப் போடப்போகும் காகிதத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். தன் பாகத்தை விட்டுக்கொடுப்பதற்கு எவ்வளவு அழகான பெயர் வைத்திருக்கிறார்கள், பாருங்கள். நாட்டுக்கு விடுதலை கிடைத்தது, கைதிக்கு விடுதலை கிடைக்கும். அக்காவுக்கும் விடுதலைதான், அப்பன் சொத்திலிருந்து. பத்திர எழுத்தரிடம் மாதிரி தயாராக இருக்கும். 'யாருடைய தூண்டுதலும் இன்றி, என் மனப்பூர்வமான சம்மதத்துடன்' என்று அவர் தட்டிக்கொண்டே போவார். நீங்கள் எழுதிய 'சந்தோஷமாக' என்பது அதன் தம்பிதான். அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட சந்தோஷமா, நீங்களே போட்டுக்கொண்டதா? அவள் கையெழுத்துப் போடாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். வருகிற தையில் பிறந்த வீட்டிலிருந்து பொங்கல்படி என்கிற பொங்கல் சீர் வராது. அவள் மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடியில்லை. மாமியார் வீட்டில் ஏதாவது நடந்தால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்க ஒரு வாசல் இல்லை. அந்த வாசலுக்காக வயலை எழுதிக்கொடுக்கிறாள். வாசலைத் திறப்பதும் சாத்துவதும் உங்கள் மனைவி கையில் இருக்கிறது என்பது வேறு கதை.

நீங்கள் ஆசிரியர் என்பதால் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண்ணுக்கும் சொத்தில் சம பங்கு வேண்டும் என்று சுயமரியாதை இயக்கத்தார் செங்கல்பட்டு மாநாட்டில் தீர்மானம் போட்டது 1929இல். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை என்று தமிழ்நாட்டில் சட்டம் ஆனது 1989இல். நடுவில் அறுபது வருடம். அதிலும் 1989 மார்ச் 25க்கு முன்பே கல்யாணமான பெண்களுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். 2005இல் மத்திய அரசின் திருத்தம் வந்து அந்தக் கதவைத் திறந்தது. அப்பா 2005க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னது. ஆனால் உங்கள் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் விட்டுப்போன வயலுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே உங்களுக்கும் அக்காமாருக்கும் சம பங்கு. அம்மா இருந்தால் அவருக்கும். எல்லோரும் 'புதுச்சட்டம், புதுச்சட்டம்' என்று அலறும் விஷயத்துக்கு வயது எழுபது ஆகப்போகிறது அல்லது ஆகிவிட்டது. பாளையங்கோட்டைக் கிறிஸ்தவ வீடுகளில் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி என்பது 1925ஆம் வருடச் சட்டம். இஸ்லாமிய வீடுகளில் மகனுடைய பங்கில் பாதி மகளுக்கு. சட்டம் மூன்று விதமாக இருந்தாலும், பதிவு அலுவலக வேப்பமரத்தடியில் புதுச்சேலை கட்டிக்கொண்டு காத்திருக்கும் அக்கா மட்டும் எல்லா வீட்டிலிருந்தும் வந்தவளாகத்தான் இருக்கிறாள்.

'நகை போட்டோமே' என்பீர்கள். நகை அடுத்த மழைக்குள் அடகுக்கடைக்குப் போய்விடும், வயல் அங்கேயே கிடக்கும். அக்காவுக்குப் போட்ட நகையைப் பவுன் பவுனாகக் கணக்கு வைக்கிற வீடு, தம்பியின் படிப்புச் செலவை எந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறது?

இதைக் கேட்க எனக்குத் தகுதி இல்லை.

எங்கள் ஊர் சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். அப்பா மளிகைக் கடையில் கணக்கு எழுதிச் சேர்த்த பணத்தில் ஆறு மரக்கால் விதைப்பாடு, அதாவது ஆறு மரக்கால் நெல் விதைக்கும் அளவுக்கு வயல், வாங்கினார். கார், பிசானம் இரண்டு போகத்துக்கும் நடவு, களை எல்லாம் அம்மாவும் அக்காவும்தான். அக்கா எட்டாம் வகுப்போடு நின்றாள். நிறுத்தினார்கள் என்று எழுதுவதே சரி. நாள் முழுவதும் மடியில் பீடி சுற்றுகிற சுளவு, அதாவது முறம். இலையை நனைத்து, அளவுக்கு வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்கி, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. என் கல்லூரிக் கட்டணம் அந்தச் சுளவிலிருந்து வந்தது. 1987இல் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் கேட்டது, பீடிக்கடைப் பாஸ் புத்தகம் பெண் பெயரில் இருக்கிறதா என்று. இருந்தது. அவள் பெயரில் இருந்த ஒரே காகிதம் அதுதான். நகையோடு அதுவும் போயிற்று.

அப்பா இறந்தபின் 1994இல் பத்திரம் எழுதினோம். 'ரொக்கம் ரூபாய் 5,000 பெற்றுக்கொண்டு' என்று அதில் இருந்தது. நான் கொடுத்தது ஒரு நூல் சேலையும் ஓட்டலில் ஒரு சாப்பாடும். 'எங்கே போட வேண்டும் தம்பி?' என்று மட்டும் கேட்டாள். பெருவிரல் ரேகை சரியாக விழவில்லை. பீடி சுற்றிச் சுற்றித் தேய்ந்துபோயிருந்தது. அழுத்தி வை என்று எழுத்தர் அதட்டினார். மூன்றாம் முறை விழுந்தது. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகியிருக்காது.

சில வருடம் கழித்து மச்சான் படுத்த படுக்கையானார். ஒரு கறவை மாடு வாங்க அக்கா வங்கிக்குப் போனாள். உன் பெயரில் என்னம்மா இருக்கிறது என்று கேட்டார்கள். பட்டா இல்லாதவளுக்கு மாடு இல்லை. பயிர்க்கடனுக்கும் சிட்டா, அடங்கல் என்கிற நிலக் காகிதங்களைத்தான் கேட்பார்கள். இருபது வருடம் சேற்றில் நின்றவளுக்குச் சர்க்கார் காகிதத்தில் விவசாயி என்ற பெயர்கூட இல்லை. அவள் என்னிடம் வயல் கேட்டு வரவில்லை. ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வந்தாள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் போனபோது, வேண்டாம் தம்பி, மகளிர் குழுவில் வாங்கிக்கொண்டேன் என்றாள்.

நீங்கள் மேடையில் பேசவிருக்கும் அதிகாரம் என்பது என்னைப் பொறுத்தவரை அந்த இரண்டு நாள்தான். யோசிக்கிற இடத்தில் நான் இருந்தேன், காத்திருக்கிற இடத்தில் அவள் இருந்தாள். எங்களுக்குள் வேறு வித்தியாசம் எதுவும் கிடையாது. அறிவில் அவள்தான் கூடுதல். பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் சலுகை இருக்கிறது. நல்லதுதான். அதைக் கேட்டதும் மனைவி பெயரில் மனை பதிவு செய்ய ஓடுகிற தம்பிமாரை எனக்குத் தெரியும். அவர்களுடைய அக்காமாரையும் தெரியும்.

அந்த வயலை 2003இல் விற்றுப் பாளையங்கோட்டையில் வீடு கட்டினேன். இப்போது அங்கே மனைக்கற்கள் நிற்கின்றன. போன தையில் பொங்கல்படி கொண்டு போனபோது, பேச்சுவாக்கில் நம் வயலுக்குக் கிழக்கே யார் வயல் என்று நினைவில்லை என்றேன். அக்கா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள். வடக்கே வாய்க்கால், கிழக்கே கோவில் வயல், தெற்கே வண்டிப்பாதை, மேற்கே மருதமரம் நிற்கும் வரப்பு. நான்கு மாலும், அதாவது நான்கு எல்லையும், பத்திரத்தில் எழுதியபடியே இருந்தன. மடை திறந்தால் முதலில் எந்த மூலையில் தண்ணீர் ஏறும் என்பதையும் சொன்னாள். அது பத்திரத்தில் கிடையாது.

மகளிர் தினப் பேச்சுக்கு எதைச் சொல்லலாம் என்று கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் எழுதவே இல்லை. பாரதியில் இரண்டு வரி எடுத்து எப்படியும் சமாளித்துவிடுவீர்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். பத்திர நகலை வீட்டுக்கு வாங்கி வந்து, அக்காமார் இருவரையும் உட்காரவைத்து, ஒரு வரி விடாமல் உரக்கப் படியுங்கள். ரொக்கம் பெற்றுக்கொண்டதாக எழுதிய இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, அவர்கள் முகத்தைப் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்