கிருஷ்ணகிரி வெயில்ல மூர்லேண்ட் மூடுபனி: அக்ரிலிக் சீக்கிரம் காயுதுன்னா ஆயிலுக்கு மாறணுமா?

காவேரிப்பட்டணத்துல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. ஓசூர்ல ஒரு ஹோட்டல் லாபிக்கு 3க்கு 4 அடியில இங்கிலாந்து மூர்லேண்ட் (மரம் அதிகமில்லாத, புல்லும் புதரும் மண்டிய மேட்டு நிலம்) படம் அக்ரிலிக்ல வேணுமாம், இன்டீரியர் வேலை பிடிச்சுத் தர்ற ஏஜென்ட் மூலமா வந்த ஆர்டர். வானமும் மேடும் சேர்ற இடத்துல மூடுபனி போட்டா பிரஷ் கோடு கோடா நிக்குது, கலக்குறதுக்குள்ள காஞ்சிடுது, காஞ்சப்புறம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. ஏஜென்ட் ரீடார்டர், அதாவது பெயின்ட் காயுறத தாமதப்படுத்துற திரவம், வாங்கி தாராளமா ஊத்துங்கன்றாரு, இல்ல ஆயிலுக்கே மாறிடட்டுமான்னு கேக்குறாங்க.

மாறாதீங்க சகோதரி. ஆயில்ல அந்த சைஸ் படம் முழுசா காஞ்சு வார்னிஷ் அடிக்கிற பதத்துக்கு வர மாசக்கணக்காகும், அதுவரைக்கும் ஹோட்டல்காரர் பொறுக்க மாட்டாரு, ஏஜென்ட் அத சாக்கா வச்சு பேமென்ட்ட இழுப்பாரு.

அக்ரிலிக் காயுறதுன்னா தண்ணி ஆவியாகிப் போயி உள்ள இருக்குற பிளாஸ்டிக் பசை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிறது, அவ்ளோதான், அதுக்கு மேல கெமிஸ்ட்ரி உங்களுக்கு வேணாம். ஏப்ரல் மத்தியானம் ஃபேன போட்டுட்டு உக்காந்தா மெல்லிசா இழுத்த பெயின்ட் கண்ணு முன்னாடியே காஞ்சு போகும். ஆனா ஒட்டுனது ஒட்டுனதுதான், மேல ஈரமா எத இழுத்தாலும் அடியில கரையாது. மூடுபனிக்கு இது தொந்தரவு இல்ல, வசதி. நீங்க பனிய ஈரத்துலயே ஒரே மூச்சுல கலக்கி எடுக்கப் பாக்குறீங்க, அது ஆயில் காரங்க பழக்கம், யூடியூப்ல பாத்திருப்பீங்க. அக்ரிலிக்ல பனிய கலக்குறது இல்ல, அடுக்குறது.

எப்படின்னா, முதல்ல மேடு, பாறை, புல்லு எல்லாத்தையும் பனியே இல்லாத மாதிரி போட்டு நல்லா காய விடுங்க. அப்புறம் டைட்டானியம் ஒயிட்ல ஒரு துளி அல்ட்ராமரைன், அத விட கம்மியா பர்ன்ட் சியன்னா. நீலமும் இல்லாம பழுப்பும் இல்லாம அழுக்கு வெள்ளையா வரணும், வெறும் வெள்ளைய வச்சதாலதான் உங்களுக்கு சுண்ணாம்பாச்சு. இதுல தண்ணிய ஊத்திக் கரைக்காதீங்க, தண்ணி ஏறுனா பசை செத்துடும், அதுக்குப் பதிலா கிளேஸிங் மீடியம், அதாவது கலர் இல்லாத அக்ரிலிக் பசைத் திரவம், சேருங்க, பெயின்ட் ஒரு பங்குன்னா மீடியம் மூணு நாலு பங்கு. பழைய ஹாக் பிரஷ்ல (பன்றி முடியில செஞ்ச முரட்டு பிரஷ்) கொஞ்சூண்டு எடுத்து பழந்துணியில முக்கால்வாசிய தொடச்சுட்டு, மேடு முடியுற விளிம்புல வட்ட வட்டமா தேய்ங்க, அழுத்தாம. ஓரம் கோடா நிக்கும்னு தோணுச்சுன்னா உடனே ஈர விரலால ஒத்தி எடுங்க. முதல் அடுக்குல ஒண்ணுமே தெரியாது, ஈரத்துல வெள்ளையா தெரிஞ்சது காஞ்சதும் பாதி காணாமப் போயிடும், ஏன்னா அந்தப் பசை ஈரத்துல பால் மாதிரி இருந்து காஞ்சதும் கண்ணாடியாயிடும். பதறி கெட்டியா அப்பாதீங்க. காஞ்சதும் அடுத்தது, அப்புறம் அடுத்தது. நாலஞ்சு அடுக்குல மேட்டோட விளிம்பு தானா கரைஞ்சு நிக்கும்.

மத்தபடி காலையில வேலைய முடிங்க, ஃபேன நிறுத்துங்க, கையில ஸ்ப்ரே பாட்டில் இருக்கட்டும். பெயின்ட்ட ஈரமாவே வச்சுக்குற வெட் பேலட்ட கடையில வாங்காதீங்க, மூடி போட்ட ஸ்வீட் டப்பாவுல ஈர ஸ்பாஞ்சு, அது மேல பட்டர் பேப்பர், வேலை முடிஞ்சுது.

இப்ப ரீடார்டர். வேணாம்ன்றதுதான் என் பதில். ஒரே ஒரு இடத்துக்கு ஒத்துக்குவேன், அதையும் சரியா புரிஞ்சுக்கோங்க, ஏன்னா இங்கதான் எல்லாரும் கெடுத்துக்குறாங்க. வானம், அதுவும் வானத்தோட முதல் பூச்சுக்கு மட்டும். அவ்ளோ அகலத்துக்கு மேல கருநீலச் சாம்பல்ல இருந்து கீழ வெளிச்சமா இறங்கி வரணும்னா அடுக்குறது மட்டும் போதாது, கொஞ்ச நேரம் ஈரம் நிக்கணும். அதுக்கு பாட்டில் மேல போட்டிருக்குற அளவுக்குள்ள, அதுலயும் பாதியில நிறுத்திக்கோங்க, சொட்டுச் சொட்டா பெயின்ட்ல கலந்துட்டு எடுங்க, கேன்வாஸ்ல நேரா ஊத்தாதீங்க. அடியில ஜெஸ்ஸோ, அதாவது கேன்வாஸ்ல முதல்ல அடிக்கிற வெள்ளை அடிப்பூச்சு, முழுசா காஞ்சிருக்கணும். வானம் போட்ட அன்னைக்கே மேல அடுத்த பூச்சு வேணாம், மறுநாள் விரல் வச்சுப் பாத்து பிசுபிசுப்பு இல்லன்னா மட்டும் மேல போங்க. பிசுபிசுப்பு இருந்தா இன்னொரு நாள் விடுங்க, ஹேர் டிரையர் காட்டுனா மேல தோல் காஞ்சு உள்ள ஈரமா நின்னுடும். அளவு மீறுனா வாரக்கணக்குல ஒட்டிக்கிட்டே இருக்கும், லாரி தூசி எல்லாம் அதுலதான் வந்து உக்காரும். தாராளமா ஊத்துங்கன்னு சொன்னவரு பெயின்ட் அடிக்கிறவரா, இல்ல பாட்டில் விக்கிற கடையில கமிஷன் வாங்குறவரா? நானே பாத்திருக்கேன், அதான் கேக்குறேன்.

மூர்லேண்ட்ட பத்தி ஒண்ணு. நம்ம ஆளுங்க மூர்னதும் ஊட்டிய போட்டுடுறாங்க, கூரான மலை, பச்சைப் பசேல், ரெண்டு மரம். இங்கிலாந்துல டெவன் மாவட்டத்து டார்ட்மூர எடுத்துக்கோங்க, அதுல உச்சியே 621 மீட்டர், நம்ம ஓசூர் டவுனே கிட்டத்தட்ட 900 மீட்டர்ல இருக்கு. அதனால கூர் வேணாம், நீளமா படுத்துக் கெடக்குற கோடு, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா மூணு போதும், பின்னாடி போகப் போக வெளுத்து நீலமாகணும். படத்துல மூணுல ரெண்டு பங்கு வானம். ஊதாக் கலர் ஹெதர்ன்ற குட்டைப் புதர் பூக்குறது ஆகஸ்ட் செப்டம்பர்லதான், மத்த நாள்ல கரும்பழுப்பு, வெளுத்த வைக்கோல் நிறப் புல்லு, இலையுதிர் காலத்துல துருப்பிடிச்ச மாதிரி பிராக்கன்ற பெரணிச் செடி. ஊதா வேணும்னா பர்ன்ட் சியன்னா சேத்து அழுக்காக்கி, ஸ்பாஞ்சால அங்கங்க தொட்டு வைங்க. மேட்டு மேல நிக்கிற டோர்ன்ற பாறைகள் கிரானைட், படுக்கை வசத்துல வெடிப்பு விட்டு பலகை அடுக்குன மாதிரி நிக்கும். நம்ம ஊர் பாறை மொழுமொழுன்னு உருண்டு இருக்கும், அத பாத்து அப்படியே போட்டுடாதீங்க. ஆனா வெளிச்சம் பாறையில எப்படி விழுதுன்னு கத்துக்க கிருஷ்ணகிரி மலையே போதும், பனி எப்படி விளிம்ப தின்னுதுன்னு பாக்க மார்கழியில விடியக்காலை தருமபுரி பக்கத்து வத்தல்மலை ஏறுங்க.

இது எதையும் சொல்லித்தர ஆள் இல்ல. 1850ல ஆரம்பிச்ச சென்னை ஓவியக் கல்லூரி ஒரு மூலையில, கும்பகோணம் இன்னொரு மூலையில, தருமபுரி கிருஷ்ணகிரிப் புள்ளைங்க நடுவுல. ஸ்கூல்ல டிராயிங் பீரியட பரீட்சை வந்தா கணக்கு வாத்தியார் எடுத்துக்குறாரு. நல்ல பிரஷ் வேணும்னா பெங்களூரு பஸ் ஏறணும். இப்படி இருந்தா ஏஜென்ட் சொல்றதுதான் வேதமா போகும், வேற என்ன ஆகும்?

அதனால அந்த ஏஜென்ட் விஷயம். அவரு நெட்ல இருந்து ஒரு போட்டோ அனுப்பி 'இத அப்படியே போடுங்க'ன்னு சொல்லியிருப்பாரு, சொல்லலன்னா ஆச்சரியம். 1957 காப்பிரைட் சட்டப்படி போட்டோ எடுத்தவரு உயிரோட இருக்குற வரைக்கும், அவரு போனப்புறம் 60 வருஷமும் உரிமை இருக்கு, நாளைக்கு ஹோட்டலுக்கு நோட்டீஸ் வந்தா ஏஜென்ட் போன் ஸ்விட்ச் ஆஃப் ஆயிடும், கையெழுத்து உங்களோடது. நாலஞ்சு படம் பாத்து நீங்களா ஒரு காட்சிய அமைங்க. பாதி காச முன்பணமா வாங்குங்க, ஹோட்டல்காரர்கிட்ட ஏஜென்ட் என்ன ரேட் சொல்லியிருக்காருன்னு நேராவே கேளுங்க, கூச்சப்படாதீங்க. 'படத்துல மூணு திருத்தம் ஃப்ரீ'ன்னு வாய்ல சொல்றத வாட்ஸ்அப்ல எழுதி வாங்குங்க, எத்தன திருத்தம், அதுக்கு மேல எவ்வளவுன்னு. இந்தப் படத்த வெளிநாட்டு எக்ஸிபிஷனுக்கு அனுப்பலாம், பார்ட்டிசிபேஷன் ஃபீஸ் மட்டும் கட்டுங்கன்னு அடுத்த போன் வரும், சர்டிஃபிகேட் பிரின்ட் அடிக்கிற காசுதான் அது, கட்டாதீங்க. ஃப்ரேம் கடைக்காரர் கண்ணாடி போடச் சொல்வாரு, அதுவும் வேணாம், கேன்வாஸ் அக்ரிலிக்குக்கு வார்னிஷ் போதும்.

வார்னிஷ் ரெண்டு வாரம் கழிச்சு, மேட் ஃபினிஷ்ல. பளபளன்னு மின்னுற வார்னிஷ் அடிச்சா லாபி லைட் முழுக்க உங்க மூடுபனி மேலதான் தெரியும். படத்த சுருட்டி அனுப்பச் சொன்னாங்கன்னா பெயின்ட் பக்கம் வெளிய இருக்குற மாதிரி பெரிய குழாயில சுத்துங்க, உள்பக்கமா சுத்துனா பெயின்ட் நெரிஞ்சு மடிப்பு விழும்.