பெர்த்தில் ப்ராடோ வாங்கலாமா? வாடிப்பட்டித் தங்கச்சிக்கு ஒரு பதில்

வாடிப்பட்டியிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குக் குடிவந்து சில மாதமே ஆன ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள். வீட்டுக்காரருக்குச் சுரங்க வேலை: ரெண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். பிள்ளைகள் ரெண்டு, ஒண்ணுக்கு மூணு வயசு, ஒண்ணுக்கு ஆறு. அம்மா ஊரிலிருந்து வந்து ஆறு மாசம் தங்கப் போறாங்க. வீட்டுக்காரர் டொயோட்டாவோட பெரிய ஃபோர் வீல் வண்டியான ப்ராடோ, 2016 டீசல் ஒண்ணைப் பார்த்து வச்சிருக்கார், 1,90,000 கி.மீ. ஓடினது. கூட வேலை செய்றவங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்களாம். "அக்கா, எனக்கு ஓட்டத் தெரியும். ஆனா நமக்கு இவ்வளவு பெரிய வண்டி வேணுமா?"

தங்கச்சி, முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். மூணு வாரத்துல ரெண்டு வாரம் அந்த வண்டியைத் தனியா ஓட்டப் போறது நீ. அதனால தேர்வு பண்ண வேண்டியதும் நீதான். அவர் ஆசையைக் குறை சொல்லலை. சுரங்கத்துல நாள் முழுக்க லேண்ட்குரூசரையும் ஹைலக்ஸையும் பார்க்கிறவருக்கு வீட்டுக்கும் அந்த மாதிரி ஒண்ணு வேணும்னு தோணுறது இயல்பு. ஆனா உன்னோட செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும்னு யோசி. காலையில ஸ்கூல், அப்புறம் டே கேர், கடை, திரும்ப ஸ்கூல், சாயங்காலம் நீச்சல் வகுப்பு. ஒவ்வொண்ணும் மூணு, நாலு கிலோமீட்டர். எல்லாம் தார் ரோடு.

நம்ம பக்கம் ஜீப்புன்னா போடி, கம்பத்திலிருந்து இடுக்கி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போற வண்டி. மழையில மண் ரோடு வழுக்கும், ஏத்தம் செங்குத்தா இருக்கும், அங்கே நாலு சக்கரமும் இழுத்தாத்தான் வேலை ஆகும். திருமங்கலத்துல பிள்ளையை ஸ்கூலுக்குக் கொண்டு போய் விட யாரும் அதை வாங்குறதில்லை. பெர்த்திலும் கணக்கு அதேதான். சுத்திப் பார்க்கப் போற மார்கரெட் ரிவர், ஆல்பனி எல்லாம் தார் ரோடு. கல்தூண்கள் நிக்கிற பினக்கிள்ஸ் உள்ளே சுத்துற பாதை மட்டும் மண். அதுல சாதாரணக் காரே போகும். நிஜமான ஃபோர் வீல் கேட்கிற இடம்னா லான்சலின் மணல்மேடு, ஃபிரான்ஸ்வா பெரான் தேசியப் பூங்கா, வடக்கே கிம்பர்லியில கிப் ரிவர் ரோடு. இந்த இடங்களுக்கு வருஷத்துல எத்தனை தடவை போவீங்கன்னு ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்க. ஒரு தடவைன்னா அந்த வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துக்கலாம். மாசா மாசம் டென்ட் கட்டிக்கிட்டுக் கிளம்புற குடும்பம்னா பேச்சே வேற, அப்ப ப்ராடோ சரியான வண்டி.

அடுத்து, நீ சொன்ன அந்த வண்டியைப் பத்தி. ப்ராடோ நல்ல வண்டி, அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. என் கவலை 2016 டீசல்ங்கிறதுல. அந்த 2.8 லிட்டர் இன்ஜின்ல புகையிலிருக்கிற கரியைப் பிடிச்சு வைக்க டிபிஎஃப்னு ஒரு வடிகட்டி இருக்கு. சேர்ந்த கரியை அது அப்பப்ப தானே எரிச்சுக்கணும். எரியணும்னா புகைக்குழாய் நல்லாச் சூடாகணும், அதுக்கு நெடுஞ்சாலையில கொஞ்ச நேரம் நிக்காம ஓடணும். மூணு கிலோமீட்டர் போய் அணைச்சு, மறுபடி மூணு கிலோமீட்டர் ஓட்டினா இன்ஜின் முழுசாச் சூடாகவே ஆகாது. கரி சேரும், எச்சரிக்கை விளக்கு எரியும், அதையும் கவனிக்காம ஓட்டினா வண்டி இழுக்காது. எந்த நிறுவனத்தோட டீசலானாலும் டிபிஎஃப் இருந்தா இந்தத் தொல்லை உண்டு. இந்த இன்ஜின்ல அதுக்கு மேலயும் ஒண்ணு இருந்தது. 2015 அக்டோபரிலிருந்து 2020 ஏப்ரல் வரை ஆஸ்திரேலியாவில் விற்ற ப்ராடோ, ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர் டீசல் வண்டிகள்ல, சுமார் 2,64,000 வண்டிகள்ல, இந்த டிபிஎஃப் அமைப்பே குறைபாடுள்ளதுன்னு ஃபெடரல் கோர்ட் 2022-ல் தீர்ப்புச் சொன்னது. உன் வீட்டுக்காரர் பார்த்த வண்டி சரியா அந்தக் காலத்துக்குள்ள வருது. தீர்ப்புக்கு முன்னாடியே, 2020-ல், கம்பெனி அதுக்குத் தீர்வு கொண்டு வந்தது. அதனால இந்த வண்டியில அந்த வேலை நடந்திருக்கான்னு காகிதத்துல பார்க்கணும். காகிதம் இல்லைன்னா அதை விட்டுடுங்க. "டிபிஎஃப்பையே கழட்டிட்டோம், இனி தொல்லையே இல்லை"ன்னு யாராவது பெருமையாச் சொன்னா அந்த இடத்துலயே திரும்பி வந்துடு. ஆஸ்திரேலியாவுல அது சட்டவிரோதம்.

அவருக்கு ப்ராடோதான் வேணும்னா பெட்ரோல் 4.0 லிட்டர் வி6 தேடச் சொல்லு. அதுல டிபிஎஃப் கிடையாது. ஆனா நகருக்குள்ள 100 கி.மீ.க்கு 14, 15 லிட்டர் குடிக்கும்னு கணக்கு வச்சுக்கோ. பெட்ரோல் விலை பார்க்க ஃப்யூயல்வாட்ச்னு அரசாங்கத் தளம் இருக்கு. மேற்கு ஆஸ்திரேலியாவுல காலை 6 மணிக்கு வைக்கிற விலையை பங்க்காரங்க 24 மணி நேரத்துக்கு மாத்தக் கூடாது, மறுநாள் விலையும் முந்தின நாள் மத்தியானமே அதுல வந்துடும். பெரிய வண்டி வச்சிருக்கிற வீட்டுக்கு இது நிஜமாவே பணம் மிச்சம்.

இப்ப உட்காருற விஷயம். இதைத்தான் யாரும் கேட்கிறதில்லை, எனக்கு இதுதான் பெருசாப் படுது. ஆஸ்திரேலியாவில் 7 வயசு ஆகாத பிள்ளை அந்த நாட்டுத் தர முத்திரை உள்ள சீட்லதான் உட்காரணும், 4 வயசுக்குள்ள இருக்கிறதை முன்வரிசையில வைக்கக் கூடாது. ஊரிலிருந்து கொண்டு போற சீட் அங்கே செல்லாது. அங்கத்திய சீட்டுக்கு மேல ஒரு பட்டை இருக்கும், அதைப் பின்னாடி ஒரு கொக்கியில மாட்டணும். நடுவரிசையில ரெண்டு சீட்டை மாட்டிட்டா நடுவுல பெரியவங்க உட்கார முடியாது. நீ ஓட்டுற வாரம் அம்மா முன்னால உட்காரலாம். அவர் வீட்டுல இருக்கிற வாரம் யாராவது ஒருத்தர் மூணாவது வரிசைக்குப் போயே ஆகணும். ப்ராடோ மாதிரி ஏழு சீட் வண்டியில மூணாவது வரிசைக்குப் போக நடுசீட்டை மடக்கணும். மேல பிள்ளை சீட்டைக் கட்டியிருந்தா அது மடங்காது. சின்னதை அங்கே உட்கார வைக்கலாமேன்னா பல பழைய ஏழு பேர் வண்டிகள்ல மூணாவது வரிசைக்குக் கொக்கியே இருக்காது. அதனால வண்டி பார்க்கப் போகும்போது ரெண்டு பிள்ளை சீட்டையும் தூக்கிக்கிட்டுப் போ, பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டுப் போ. மாட்டிப் பாரு, ஆளை ஏத்திப் பாரு. விற்கிறவர் முகம் சுளிச்சாலும் பரவாயில்லை.

லீவுக்கு ஊருக்கு வந்த இடத்துல உன் அம்மாவை இந்த வாரம் வாடிப்பட்டியில பார்த்தேன். முழங்கால் வலியோட மினி பஸ் படியேற அவங்க படுற பாட்டையும் பார்த்தேன். ப்ராடோ மாதிரி வண்டியில சேலையைப் பிடிச்சுக்கிட்டு அவங்க ஏறி இறங்குறது லேசான காரியமில்லை. பக்கப்படியும் உள்ளே கைப்பிடியும் இருந்தா கொஞ்சம் உதவும். இன்னொண்ணு, அந்த 2016 ப்ராடோவோட பின்கதவு ஸ்டெப்னியைச் சுமந்துக்கிட்டுப் பக்கவாட்டுல திறக்கும். ஷாப்பிங் சென்டர்ல பின்னால இன்னொரு கார் ஒட்டி நின்னா ஸ்ட்ரோலரை எடுக்க முழுசாத் திறக்க இடம் பத்தாது. மேல ரூஃப் ராக் வேற வச்சிருந்தா அடித்தளப் பார்க்கிங்கில நுழையும் முன்னே உயரப் பலகையைப் பார்க்கணும்.

என்னைக் கேட்டா உன் குடும்பத்துக்கு டொயோட்டாவோட க்ளூகர் பெட்ரோல் ஆல் வீல் டிரைவ் பொருத்தம். ஏழு சீட், ஏறுற உயரம் குறைவு, டிபிஎஃப் இல்லை, மண் ரோட்டுக்கும் மழைக்கும் தாராளமாப் போதும். மணல்ல விளையாட அது ஆகாது, மெதுவாப் பலமா இழுக்கிற லோ ரேஞ்ச் கியர் இல்லை. ஏழு சீட் வேண்டாம், அவர் வர்ற வாரம் எப்படியாவது சமாளிச்சுக்கலாம்னா சுபாரு ஃபாரெஸ்டர் பாரு. பழைய 2.5 இன்ஜின்ல ஹெட் கேஸ்கெட்ங்கிற சீல் ஒழுகும்னு பேர் உண்டு, அதனால 2013-க்கு அப்புறம் வந்தது நல்லது. இந்த ஆல் வீல் டிரைவ் வண்டிகள்ல நாலு டயரும் ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே தேய்மானமா இருக்கணும். ரெண்டு புதுசு, ரெண்டு மொட்டைன்னு ஓட்டினா நடுவுல சக்தியைப் பிரிக்கிற பாகம் கெடும். டயர் ஓரத்துல நாலு எண் இருக்கும். 2319-னு இருந்தா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. அந்த வெயில்ல பட்டன் தேயாமலே ரப்பர்ல விரிசல் விழுந்துடும், அதனால எண்ணையும் பாரு.

எந்த வண்டியானாலும் அது முன்னாடி யார் கையில என்ன வேலை பார்த்ததுன்னு கண்டுபிடிக்கணும். மதுரையில நாம பழைய வண்டி வாங்குறது எப்படி? தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிக்கிட்டுப் போவோம், விற்கிறவர் யாரு, எந்த ஊர், அவர் அண்ணன் யாருன்னு விசாரிப்போம். கடன் இருந்தா ஆர்.சி. புக்கிலேயே ஹெச்.பி. போட்டிருக்கும், ஃபைனான்ஸ்காரங்ககிட்ட என்.ஓ.சி. கேட்போம். பெர்த்துல விற்கிறவரோட அண்ணனை உனக்குத் தெரியாது, ரெஜிஸ்ட்ரேஷன் காகிதத்துல கடன் விவரமும் இருக்காது. அதுக்குத்தான் பி.பி.எஸ்.ஆர்.னு ஒரு அரசாங்கப் பதிவேடு. வண்டியோட வின் நம்பரை, அதாவது நம்ம ஊர் சேஸிஸ் நம்பர் மாதிரி, போட்டு 2 டாலர் கட்டினா அது மேல கடன் இருக்கா, விபத்துல சேதமாகிக் கணக்கிலிருந்து எழுதித் தள்ளின வண்டியா, திருட்டா எல்லாம் வந்துடும். கடனோட வாங்கிட்டா கடன் கொடுத்தவங்க உன் வாசலுக்கு வந்து வண்டியை எடுத்துக்கிட்டுப் போகலாம். அதே மாதிரி பேர் வச்சிருக்கிற தனியார் தளங்கள் இதுக்கே பல மடங்கு பணம் வாங்கும், அரசாங்கத் தளத்துலயே பாரு.

இன்னொரு வித்தியாசமும் தெரிஞ்சுக்கோ. விக்டோரியா, குயின்ஸ்லாந்துல வண்டியை ரெஜிஸ்ட்ரேஷனோட வித்தா, அது ஓட்டத் தகுதியானதுன்னு விற்கிறவர்தான் சான்று எடுத்துத் தரணும். மேற்கு ஆஸ்திரேலியாவுல ரெஜிஸ்ட்ரேஷன் நடப்புல இருக்கிற வண்டியைப் பேர் மாத்த அப்படி ஒண்ணும் கேட்க மாட்டாங்க. அதனால உன் செலவுல ஒரு மெக்கானிக்கை வச்சுப் பார்த்தே ஆகணும், அதுவும் விற்கிறவர் காட்டுற மெக்கானிக் வேண்டாம். முன்பணம் கொடுக்கிற காகிதத்துல "மெக்கானிக் பார்த்துச் சரின்னா மட்டும்"னு எழுதச் சொல்லு. அங்கே கையெழுத்துப் போட்ட பிறகு மனசு மாறிட்டதுன்னு திரும்ப முடியாது. டீலர்கிட்ட வாங்கினா வயசு, கிலோமீட்டர், விலை வரம்புக்குள்ள இருந்தாச் சட்டப்படி கொஞ்சம் உத்தரவாதம் உண்டு. தனி ஆள்கிட்ட வாங்கினா அது கிடையாது.

மெக்கானிக் வர்றதுக்கு முன்னாடி நீயே பார்க்கக் கூடியது நிறைய இருக்கு. கதவு ரப்பரை விலக்கிப் பாரு, சிவப்புத் தூசி அடைஞ்சிருந்தா வடக்கே சுரங்கப் பக்கம் உழைச்ச வண்டியா இருக்கலாம். மேல விளக்கு, கொடிக்கம்பம் மாட்டின ஓட்டைகளை அடைச்ச தடம் இருந்தாலும் அதே கதைதான். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாரு, உள்ளே சேறு படிஞ்ச கோடு தெரிஞ்சா வண்டி தண்ணியில நின்னிருக்கு. குனிஞ்சு அடியில பாரு. கீறலும் நெளிவும் இருந்தா கல்லுல இடிச்சிருக்கு. புதுசாக் கறுப்புப் பெயின்ட் அடிச்சிருந்தா அதுக்குக் கீழே துரு இருக்கலாம், கடற்கரை மணல்ல ஓட்டிட்டு உப்பைக் கழுவாம விட்ட வண்டியில அதுதான் முதல்ல வரும். பின்னால ட்ரெய்லர் மாட்டுற டோ பார் உருண்டை பளபளன்னு தேஞ்சிருந்தா கேரவன் மாதிரி பாரத்தை நிறைய இழுத்திருக்கு, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் நிறையக் கஷ்டப்பட்டிருக்கும். ப்ராடோவோட சர்வீஸ் புக்குல 10,000 கி.மீ.க்கு ஒரு முத்திரை இருக்கணும். 1,90,000 ஓடின வண்டிக்குப் பத்தே முத்திரைன்னா மீதி எங்கேன்னு கேளு. உயர்த்திக் கட்டி, பெரிய டயர் போட்ட வண்டியை விட்டுடு. ஓட்டத்துல தடுமாற்றம் வரும், இன்சூரன்ஸ்காரங்களும் கேள்வி கேட்பாங்க.

இன்சூரன்ஸ்னதும் ஞாபகம் வருது. ரெஜிஸ்ட்ரேஷன் பணத்துக்குள்ள இருக்கிறது ஆளுக்கு அடிபட்டா கிடைக்கிற காப்பு மட்டும். அடுத்தவங்க காருக்கு ஆகிற சேதம் அதுல வராது. தனியா எடுக்காம வண்டியை வெளியே எடுக்காதே.

ஓட்டுறதைப் பத்திப் பயப்படாதே. அங்கேயும் இடது பக்கம்தான், ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான். வெளியூர் போனா மட்டும் பொழுது சாயுறதுக்குள்ள ஊர் போய்ச் சேர்ந்துடு. இருட்டுற நேரத்துல கங்காரு அதிகமாக் குறுக்கே பாயும்.

அவர்கிட்ட இந்தப் பதிலை அப்படியே காட்டு. அந்த ப்ராடோவோட வின் நம்பரையும், சர்வீஸ் புக்கோட எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. லீவு முடிஞ்சு அடுத்த வாரம் நான் பெர்த் வந்துடுவேன். அவர் வீட்டுல இருக்கிற வாரத்துல ஒரு சனிக்கிழமை, ப்ராடோ ஒண்ணு, க்ளூகர் ஒண்ணு, ரெண்டையும் பிள்ளைகளோட போய் ஓட்டிப் பார்த்துடலாம். அதுவரைக்கும் யாருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.